கண்மாய் மீனும் மூச்சுக் கணக்கும்

கோடையில் திடீரென ஒரு மழை கொட்டித் தீர்க்கும். மறுநாள் காலையில் கண்மாய்க் கரையோரம் கெண்டைகள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். "எவனோ மருந்தைக் கலந்துட்டான்" என்று ஊரில் பேச்சு கிளம்பும். யாரும் எதையும் கலக்காமலேயே இது நடக்கும் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து கரைத்துக்கொள்வதோ 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். 35 டிகிரியில் அது 7 ஆகக் குறைகிறது. மீனின் தேவை நேர்மாறு: 10 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். கண்மாயில் எந்த மாதம் எந்த மீன் எப்படி அகப்படும் என்பதில் பாதி இந்தக் கணக்குதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது மூச்சுக்குப் பஞ்சமில்லை. கெளுத்தியும் சிறு கெண்டைகளும் முட்டையிட இடம் தேடிப் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும். மிகுநீர் வழியும் கலுங்குக்குக் கீழே வலையோடு ஆள் நிற்பது அதற்காகத்தான். கட்லா, ரோகு கதை வேறு. ஓடும் ஆற்று வெள்ளம் இல்லாமல் அவை இனம் பெருக்குவதில்லை. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற மீன் விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்று கண்மாயில் விடும் குஞ்சுகள் அந்த வழியில் வந்தவை.

மார்கழி, தையில் நீர் குளிர்ந்து மீனின் பசி மந்தமாகும். வெயில் ஏறிய பிறகு தூண்டில் போடுவதே மேல்.

மாசிக்குப் பிறகுதான் சுவாரசியம். மடை வழியே பாசனத்துக்குப் போனது போக மிஞ்சிய நீர் பாசியால் பச்சையாகும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். ஆக, விடிவதற்குச் சற்று முன்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் அந்த நேரம் வீச்சு வலைக்காரருக்குத் தெரியும். இந்த நிலையில் கோடைமழை கொட்டினால், குளிர்ந்த மழைநீர் கீழே இறங்கி அடியிலுள்ள மூச்சற்ற நீரையும் அழுகிய சேற்றையும் கிளப்பிவிடும். வானமும் மூடியிருந்தால் பாசியின் உதவியும் இல்லை. சந்தேகத்துக்கு ஆளான "மருந்து" பெரும்பாலும் இதுதான்.

விராலும் குரவையும் தேளியும் இதற்கெல்லாம் அசருவதில்லை. மேலே வந்து காற்றையே விழுங்கி மூச்சு விடுபவை அவை. விராலுக்குச் செவுளுக்கு மேலே அதற்கென்றே அறை உண்டு. மேலே வர விடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். பனையேறிக் கெண்டையும் இந்த ரகம். 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தின் மீதிருந்து இதைப் பிடித்ததாக எழுதி வைத்தார். பறவை தூக்கிப் போட்டிருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. என் ஓட்டு பறவைக்கே.

பங்குனி தொடங்கி நீர் முழங்காலளவுக்கு வற்றியதும் சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் மீன்பிடித் திருவிழா வரும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே உள்ளே இறங்கும். நூற்றுக்கணக்கான கால்கள் கலக்கிய சேற்றுநீரில் கெண்டைகள் மூச்சுக்கு மேலே வந்து சுலபமாக மாட்டும். விரால் சேற்றில் பதுங்கும், அதற்குத்தான் ஊத்தா. அடியில்லாத அந்தக் கூடையைச் சேற்றில் அழுத்திக் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே இருப்பது தேளி என்றால் விஷமுள் கையில் ஏறி, மணிக்கணக்கில் கடுக்கும்.