பேக் லிமிட்: பையா, பறியா?

தூண்டில் போடும் இளைஞர்களின் பேச்சில் இப்போது மூன்று ஆங்கிலச் சொற்கள் அடிக்கடி விழுகின்றன: பேக் லிமிட், சைஸ் லிமிட், ஸ்லாட். தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ராடும் ரீலுமாகப் பழையாற்றுக்கோ பூம்புகாருக்கோ கோடியக்கரைக்கோ கிளம்புகிறவர்கள், ஆஸ்திரேலியர்களும் அமெரிக்கர்களும் எடுத்துப் போடும் காணொளிகளைப் பார்த்துப் பழகிய சொற்கள் இவை. தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. ‘பை வரம்பு’ என்று எழுதினால் எந்தப் பை என்று கேட்பார்கள். ‘மீன்பிடி வரம்பு’ என்றால் பொருளே மாறிவிடும்.

முதலில் பொருள். பேக் லிமிட் என்பது ஓர் ஆள் ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கும் மீன்களின் எண்ணிக்கை. வைத்துக்கொள்வதற்குத்தான் கணக்கு. பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட்டால் பெரும்பாலான இடங்களில் அது எண்ணிக்கையில் சேராது. செய்தித்தாள்கள் ‘மீன்பிடி வரம்பு’ என்று எழுதுவது வேறொன்றை: ஒரு நாட்டின் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் இத்தனை டன் பிடிக்கலாம் என்ற மொத்த ஒதுக்கீட்டை. அது டன் கணக்கு, வணிக மீன்பிடிப்புக்கு உரியது. பேக் லிமிட் தலைக்கணக்கு, விரல் விட்டு எண்ணும் கணக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் ‘மீன்பிடி வரம்பு இரண்டு’ என்று படிப்பவர் இரண்டு டன்னா, இரண்டு மீனா என்று விழிக்க வேண்டியதுதான்.

பேக் என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியின் ‘பக்கி’யிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் சொற்பிறப்பு ஆய்வாளர்கள். மூட்டை என்று பொருள். வேட்டைக்காரர் தோளில் தொங்கிய பை, நாளடைவில் அதற்குள் விழுந்த வேட்டையையே குறிக்கத் தொடங்கியது. ‘இன்றைக்குப் பை எப்படி’ என்றால் எத்தனை பறவை கிடைத்தது என்று கேட்பதாக ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அமெரிக்காவில் முதலில் எண் விதித்தது அயோவா மாநிலம், 1878இல்: ஆளுக்கு 25 புல்வெளிக் கோழி. வேட்டைக்குப் பிறந்த சொல்லைத் தூண்டில்காரர்கள் பிற்பாடு இரவல் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே நம் பக்கத்திலும் ஒரு சட்டம் வந்தது, 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். பெயரிலேயே மீனைச் சேர்த்துக்கொண்ட பழைய சட்டம். ஆனால் அது மலைக்கு உரியது. அதைக் கேட்டவர்கள் வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்கள். கீழே காவிரி கடலில் விழுகிற இடத்தில் தூண்டில் போட்டவனுக்கு அப்படி ஒரு பேச்சே எட்டியதில்லை.

ஆங்கிலத்திலேயே இதற்கு இன்னொரு பெயர் உண்டு: கிரீல் லிமிட். ஆற்று மீனுக்கு அமெரிக்காவில் அந்தச் சொல் இன்றும் வழங்குகிறது. கிரீல் என்பது தூண்டில்காரர் இடுப்போரம் தொங்கவிடும் பிரம்புக்கூடை. இதைக் கேட்டதும் நம்மூர்க்காரருக்கு ஒரு சொல் நினைவுக்கு வர வேண்டும்: பறி. பனையோலையால் முடைந்தது, வாய் குறுகி வயிறு பருத்தது, பிடித்த மீனை உள்ளே போட்டால் துள்ளி வெளியே வராது. வாய்க்காலிலும் குளத்திலும் மீன் பிடித்தவர்கள் இடுப்பில் கட்டியிருந்தது. இப்போது அந்த இடத்தை பெயின்ட் வாளியும் தெர்மோகோல் பெட்டியும் பிடித்துக்கொண்டாலும், சொல் அகராதியில் உயிரோடுதான் இருக்கிறது, வயதானவர்கள் வாயிலும் இருக்கிறது. ஆகவே என் வாக்கு ‘பறி வரம்பு’க்கு. நாளொன்றுக்கு என்பதை அழுத்த வேண்டிய இடத்தில் ‘நாள் பறி வரம்பு’ என்று எழுதலாம். கரைப்பேச்சில் கிடைத்த மீனுக்கு ‘பாடு’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது: ‘இன்னிக்கு மீன்பாடு எப்படிண்ணே?’ அதை வைத்து ‘பாட்டு வரம்பு’ என்று கட்டினால் கச்சேரி ஞாபகம் வந்து தொலைக்கும். விட்டுவிடலாம்.

லிமிட்டுக்கு வரம்பு என்பது தற்செயலாக அமைந்த இணை அல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது. லிமிட்டின் வேர் லத்தீன் மொழியின் ‘லீமெஸ்’. வயல்களுக்கு நடுவே எல்லையாக விட்ட பாதை என்பது அதன் பழைய பொருள். வரம்பு என்பதும் வயலின் எல்லை மேடு, டெல்டாக்காரர் நாக்கில் வரப்பு. நடப்பதற்கும் அதுதான், தண்ணீர் நிற்பதற்கும் அதுதான், அண்ணன் தம்பி சண்டை பிடிப்பதற்கும் அதுதான். இரண்டு மொழியும் தனித்தனியே வயலோரத்தில் நின்றுதான் இந்தக் கருத்தை எடுத்திருக்கின்றன. ‘கட்டுப்பாடு’, ‘உச்சவரம்பு’ என்றெல்லாம் அலுவலக நடையில் நீட்ட வேண்டிய தேவையில்லை. உச்சவரம்பு என்றால் இங்கே இன்னமும் நிலச் சட்டம்தான் ஞாபகம் வரும்.

பறி வரம்போடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்கள் சில. பொசஷன் லிமிட் என்பது ஐஸ் பெட்டியிலும் வீட்டு ஃபிரிட்ஜிலுமாக ஒருவர் மொத்தமாக வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை. கடைக்காரர் கணக்குச் சொல்லே போதும்: கையிருப்பு வரம்பு. படகில் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தம் இவ்வளவுதான் என்றால் படகு வரம்பு. ஒத்த சில மீன்வகைகளைச் சேர்த்து ஒரே எண் வைத்தால் கூட்டு வரம்பு.

இனி அளவு. சைஸ் லிமிட் என்றால் பெரும்பாலும் இதற்குக் கீழே பிடிக்காதே என்ற எல்லை. அரசு மொழிபெயர்ப்புகள் ‘குறைந்தபட்ச சட்டபூர்வ அளவு’ என்கின்றன. ‘சிறும அளவு’ போதும். கரையில் அதற்குச் சொல்லே வேண்டாம். ‘பொடி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் பொடி எது என்பதைக் கண் சொல்லக் கூடாது, அளவுகோல் சொல்ல வேண்டும். அங்கேதான் இரண்டு கலைச்சொற்கள் தேவைப்படுகின்றன. வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் முழுநீளம். வால் இரண்டாகப் பிரிகிற பள்ளம் வரை மட்டும் அளந்தால் ஆங்கிலத்தில் ஃபோர்க் லெங்த். இதை ‘முட்கரண்டி நீளம்’ என்று எழுதிவிட யாராவது ஒருவர் எங்காவது தயாராக இருப்பார். கிளை பிரிவதற்குக் கவை என்று நல்ல தமிழ் இருக்கிறது, கவைக்கோல் என்கிறோமே அதே கவை. எனவே கவை நீளம். வஞ்சிரம், பாரை போன்ற கவைவால் மீன்களில் இரண்டு அளவுக்கும் பல சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். விதி எதைச் சொல்கிறது என்று பார்க்காமல் அளந்தால் அபராதம்தான். கொடுவாவின் வால் உருண்டையானது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. நண்டுக்கு ஓட்டின் அகலம் கணக்கு. சிங்கி இறாலில் எடையும் கணக்கு: இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய இனவாரியாகக் குறைந்தபட்ச எடையை மத்திய அரசு 2003இல் விதித்தது; மணிச்சிங்கி 500 கிராமுக்குக் கீழே கூடாது.

ஸ்லாட் என்பதுதான் மூன்றில் சுவையானது. ஒரு கீழளவு, ஒரு மேலளவு. இரண்டுக்கும் இடைப்பட்ட மீனை மட்டும் வைத்துக்கொள், சின்னதையும் விடு, பெரியதையும் விடு. சின்னதை விடுவது யாருக்கும் புரியும். பெரியதை ஏன் விட வேண்டும்? ஆசைப்பட்டு ராத்திரியெல்லாம் கொசுக்கடியில் நின்றவன் கேட்கத்தான் செய்வான். அதற்கு விடை கொடுவாவின் உடம்பில் இருக்கிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. பல ஆண்டு ஆணாக இருந்து, ஏறக்குறைய 80 சென்டிமீட்டரைத் தாண்டும் பருவத்தில் பெண்ணாக மாறுகிறது. அதாவது கரையில் படம் எடுத்துக்கொள்ளும் பெருங்கொடுவா அநேகமாகப் பெண், வயிற்றில் லட்சக்கணக்கில் சினை சுமக்கக்கூடியது. சீர்காழி பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் கொடுவா குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். இதே மீனை ஆஸ்திரேலியர்கள் பாராமுண்டி என்கிறார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120ஐத் தாண்டியதையும் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கோரையாற்று வாயில் நிற்கிற கொடுவாவும் குயின்ஸ்லாந்துக் கழிமுகத்தில் நிற்கிற கொடுவாவும் ஒரே இனம்தான். அங்கே அதற்கு எண் இருக்கிறது, இங்கே இல்லை. காலா மீனும் இப்படி ஆணாயிருந்து பெண்ணாவது. களவா மீனில் தலைகீழ்: பெண்ணாகத் தொடங்கி ஆணாகும், பெரியவற்றையே பொறுக்கி எடுத்தால் ஆண்கள் அருகிப் போகும். ஆக, ஒரே அளவை எல்லா மீனுக்கும் பொதுவாக எழுதிவிட முடியாது.

ஸ்லாட் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. நெஞ்செலும்பின் குழிவைக் குறித்தது, பிறகு இடுக்கு, துளை, காசு போடும் வாய் என்று நீண்டது. ‘துளை வரம்பு’, ‘இடைவெளி அளவு’ என்றெல்லாம் மொழிபெயர்த்தால் மீனுக்கும் புரியாது. வரம்பு என்ற சொல்லே வழி காட்டுகிறது: இந்தப் பக்கம் ஒரு வரப்பு, அந்தப் பக்கம் ஒரு வரப்பு, நடுவில் இருப்பது உன்னுடையது. இரட்டை வரம்பு என்று எழுதுகிறேன். எண்களைச் சொல்லும்போது கீழ்வரம்பு 58, மேல்வரம்பு 120 என்றால் பள்ளிக்கூடக் கணக்குச் சொல்லாகவே வந்துவிடும்.

இந்த வரம்புகள் நிலையானவை அல்ல என்பதைச் சொல் விளக்கத்திலேயே சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காணொளியில் கேட்ட எண்ணை மனப்பாடம் செய்கிற பழக்கம் இங்கே இருக்கிறது. ஐரோப்பியக் கடற்கரையில் சீ பாஸ் என்ற மீனுக்கு நடந்ததைப் பாருங்கள். 2015 மார்ச்சில் பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கு நாள் ஒன்றுக்கு மூன்று என்று பறி வரம்பு வந்தது. அதே செப்டம்பரில் சிறும அளவு 36 சென்டிமீட்டரிலிருந்து 42 ஆக ஏறியது. 2016இல் முதல் அரையாண்டு முழுக்கப் பிடித்தால் விட்டுவிட வேண்டும், அடுத்த அரையாண்டில் நாளைக்கு ஒன்று. 2020இல் மார்ச் முதல் நவம்பர் வரை இரண்டு. மீன்வளம் இளைத்தால் எண் இறங்கும், தேறினால் ஏறும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடு போட்ட பாஸ் மீனுக்கு 28 முதல் 35 அங்குலம் என்றிருந்த இரட்டை வரம்பை 2023இல் அவசர நடவடிக்கையாக 28 முதல் 31 என்று சுருக்கினார்கள். 2015இல் பிறந்த ஒரு பெரிய மீன் தலைமுறை வளர்ந்து அந்த இடைவெளிக்குள் வந்து நின்றது. முந்தின ஆண்டில் தூண்டில்காரர்கள் அதை அள்ளிவிட்டார்கள். மிச்சத்தைக் காக்க மேல்வரப்பை உள்ளே நகர்த்தினார்கள். எனவே எண்ணைச் சொல்லும்போது ஊரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் பேச்சை நம்ப வேண்டாம். இடையில் ஓர் எச்சரிக்கை: நம் ஓட்டல் பட்டியலில் சீ பாஸ் என்று எழுதுவது கொடுவாவை. ஐரோப்பிய சீ பாஸ் குடும்பமே வேறு. அந்த 42ஐ இங்கே யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இங்கே என்ன இருக்கிறது? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகையும் வலையையும் தூரத்தையும் காலத்தையும் பார்க்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு அது 45 நாளாக இருந்தது. குளோஸ்டு சீசன் என்பதற்குத் தடைக்காலம் என்ற சொல் தலைப்புச் செய்தியிலிருந்து டீக்கடை வரை ஊறிப்போனதால் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சொல் வேரூன்ற விதி வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. சிறும அளவில் கேரளம் முந்திக்கொண்டது: 2015இல் 14 இனங்களுக்கு அறிவித்து, பிறகு 58 ஆக விரித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14. கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கென்று நாள் கணக்கில் பறி வரம்பு நம் கடற்கரையில் இல்லை.

வந்தால் யாருக்கு வர வேண்டும் என்பதிலும் ஒரு சொல் தடுக்கும். ரெக்ரியேஷனல் என்றால் பொழுதுபோக்கு. வேட்டாற்று வாயில் தங்கூஸ் நரம்பும் ஒரு முள்ளுமாக நாலு கிழங்கான் பிடித்துக்கொண்டு போகிறவர் பொழுது போக்கவில்லை, ‘கொழம்புக்குப் புடிக்கிறார்’. பக்கத்தில் இருபதாயிரம் ரூபாய் ராடோடு நிற்பவருக்கும் அவருக்கும் ஒரே விதி எழுதினால் முதலில் மாட்டுவது குழம்புக்காரர்தான். வருகிற சட்டத்தில் ‘குழம்பு மீன்’ என்று ஒரு விலக்கு தனியே எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி. சொல்லும் தயாராகவே இருக்கிறது.

கடைசியாக, ஜீரோ பேக் லிமிட். வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை சுழியம் என்று சுற்றி வளைக்கும் இந்த ஆங்கில நடைக்கு இணை தேட வேண்டாம். ‘வைத்திருக்கத் தடை’ என்றால் முடிந்தது. நம் கரைக்கும் அது புதிதல்ல. வேளா மீன், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. தூண்டிலிலோ வலையிலோ தவறி மாட்டினாலும் உடனே கடலில் விட வேண்டியவை. பறியில் போட்டால் அபராதத்தோடு நிற்காது, சிறையும் உண்டு.