சைலன்சர் கடகடத்தால் முதலில் தட்டிப் பாருங்கள்

“அண்ணா, காலையில கார ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சு, இங்க வந்ததும் காணோம்” என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து நிற்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வண்டி பத்து கிலோமீட்டர் ஓடி என் ஷெட்டுக்கு வருவதற்குள் பைப்பெல்லாம் சூடேறி விரிந்துவிடும், காலையில் ஆடிக்கொண்டிருந்த தகடு இறுகி வாயை மூடிக்கொள்ளும். அதனால் இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டுப் போங்கள். முடியாதென்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். எட்டு வருட பெட்ரோல் வண்டி. வேறொரு இடத்தில் சைலன்சர் செட் முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். வண்டியை ஆறவிட்டு ரேம்பில் ஏற்றி, ரப்பர் சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனேன். பைப்புக்கும் வண்டியின் தரைத்தகட்டுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று இருக்கும், ஹீட் ஷீல்டு என்போம். அதன் போல்ட் ஓட்டை துருப்பிடித்துப் பெரிதாகி, தகடு தளர்ந்து பைப்பில் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினேன், சத்தம் போச்சு. அதைப் பிய்த்து எறிந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பைப்பின் சூடு மேலே கார்பெட்டுக்கும் பக்கத்திலுள்ள வயர்களுக்கும் போகாமல் தடுப்பதே அந்தத் தகடுதான்.

தட்டும்போது காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல பைப் ‘டங்’ என்று ஒரே சத்தம் தரும். சைலன்சர் டப்பாவுக்குள் இருக்கும் தடுப்புத் தகடு வெல்டிங் விட்டிருந்தால் உள்ளே ஏதோ உருளும். ஆனால் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் டப்பாவான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தட்டும்போது சில்லறை போட்ட உண்டியலைக் குலுக்கினாற்போலக் கேட்டால் விஷயம் வேறு. அதற்குள் இருப்பது தேனடை போலத் துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அது நொறுங்கினால்தான் அந்தச் சத்தம் வரும். துண்டுகள் அடைத்துக்கொண்டால் பிக்கப்பும் போய்விடும்.

இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இரண்டு முறை கொட்டுகிறார்கள். ஒரு வண்டியில் வேறு எங்கோ புதுக் கன்வெர்ட்டர் போட்டு, சில மாதத்திலேயே மறுபடி உண்டியல் சத்தத்தோடு என்னிடம் வந்தது. ஸ்கேனரில் பார்த்தால் ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் போயிருக்கிறது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் பீங்கான் உருகும், உடையும். காயிலை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் மெல்ல ஓரம் கட்டுங்கள், அது எரிகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் கன்வெர்ட்டருக்குக் கேடு.

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது மட்டும் ‘தட்’ என்று வந்தால் அநேகமாகச் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கும். மலிவான சாமான்தான், ஆனால் விட்டுவைத்தால் பாரம் முழுவதும் முன்னாலுள்ள, வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப்பில் விழுந்து அது கிழியும்.

கடகடப்பு இல்லாமல் ‘புஸ் புஸ்’ என்று வந்தால், ஜாயிண்டில் கரி படிந்திருந்தால், அது லீக். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. லீக் உள்ள வண்டியை நிறுத்தி ஏசி போட்டுத் தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம். இன்னொன்று, வீட்டிலேயே பார்க்கிறேன் என்று ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

அப்புறம், ‘என் வண்டி அதிகம் ஓடவே இல்லையே, சைலன்சர் எப்படித் துருப்பிடித்தது?’ என்று அந்த ஆசிரியரும் கேட்டார். ஓடாததுதான் காரணம் சார் என்றேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்றே கிலோமீட்டர் என்றால் சைலன்சர் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும், தண்ணீர் உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கும். அவருடைய சைலன்சரிலும் அடிமடிப்பில் துரு தெரிந்தது, ஓட்டை விழவில்லை. வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மருதமலைக்குப் போய்வந்ததாகப் போன் செய்தார், பெட்ரோல் செலவை என் கணக்கில் எழுதப்போகிறாராம்.