கன்னத்துக்குள் மேல்நோக்கி ஏறும் சளி

7 வயது மகனுக்கு 12 நாள்களாக மூக்கொழுகல் நிற்கவில்லை என்றும், தண்ணீராக ஓடிய சளி நான்காம் நாளே பச்சை நிறமாகக் கெட்டிப்பட்டுவிட்டது என்றும், தலைக்குக் குளிப்பாட்டியதால் நீர் கோத்துக்கொண்டு 'சைனஸ்' வந்துவிட்டதாக வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மையா என்றும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மருந்தின் பெயரைக் கேட்காமல் காரணத்தைக் கேட்டிருக்கிறார் என்பதால், விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

சைனஸ் என்பது நோயின் பெயரன்று. மூக்கைச் சூழ்ந்த எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளுக்கே அந்தப் பெயர். கன்னத்திலும் இரு கண்களுக்கு இடையிலும் உள்ள அறைகள் பிறக்கும்போதே சிறிய அளவில் இருக்கின்றன. மூக்கின் ஆழத்தில் உள்ளது சுமார் 5 வயதளவில் காற்றறையாகிறது; நெற்றியில் உள்ளது 7, 8 வயதில்தான் உருப்பெறத் தொடங்கி, பதின்பருவத்தில் முழுமையடைகிறது. ஆகவே 3 வயதுக் குழந்தையின் நெற்றி வலிக்கு நெற்றிச் சைனஸைக் காரணம் சொல்ல இயலாது; அந்த வயதில் அங்கே அறையே இல்லை. இந்த அறைகள் எல்லாவற்றுக்கும் வாசல் மூக்கின் உட்புறத்தில்தான் உண்டு, உச்சந்தலையிலிருந்து வழி கிடையாது. தலையில் ஊற்றிய நீர் தோலையும் மண்டையோட்டையும் கடந்து உள்ளே போய்த் தேங்குவதில்லை. தேங்குவது, அறையின் உட்சுவரே நாள்தோறும் சுரக்கும் சளி.

சளி சுரப்பது இயல்பு; அது வெளியேறாமல் நிற்பதே நோய். அப்படியானால் அது எவ்வாறு வெளியேறுகிறது என்று கேட்டால், உடற்கூற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிடுகிறோம். கன்னக் காற்றறையின் வாசல், யாரும் எதிர்பார்ப்பதுபோல் தரைமட்டத்தில் இல்லை. உட்பக்கச் சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி, சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாயை மூடிக்கு அருகே பொருத்தினால் தொட்டி என்றைக்கும் வடியாது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் மனிதனின் கன்னத்தில், புவியீர்ப்புக்கு எதிராகச் சளி இரவும் பகலும் மேலே ஏறி, அந்த வாசல் வழியாக மூக்குக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஏற்றுபவை குறு இழைகள். அறையின் உட்சுவரில் இழை தாங்கிய செல் ஒவ்வொன்றின் தலைமேலும் ஏறக்குறைய 200 இழைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கை ஒட்டிய நீளம் உடையது. நொடிக்கு 10 முதல் 15 முறை துடிப்பது. இழைகளைச் சுற்றி நீர்த்த திரவம் ஒரு படலமாகவும், அதன்மேல் பிசுபிசுப்பான சளி இன்னொரு படலமாகவும் படர்ந்திருக்கின்றன. இழை விறைப்பாக நிமிர்ந்து முன்னோக்கி வீசும்போது அதன் நுனி மட்டும் மேற்படலத்தைப் பற்றித் தள்ளுகிறது. திரும்பும்போதோ இழை வளைந்து படுத்து, நீர்த்த படலத்துக்குள்ளேயே பின்வாங்குகிறது. படகோட்டி துடுப்பை நீருக்கு மேலே தூக்கித் திருப்பிக் கொண்டுவருகிறார். குறு இழை அதே காரியத்தைக் கீழே பதுங்கிச் செய்கிறது. இதனால் சளி ஒரு திசையில் மட்டுமே நகர்கிறது. எல்லா இழைகளும் ஒரே கணத்தில் துடிப்பதும் இல்லை. ஒன்றை அடுத்து ஒன்று என அலையாகத் துடிக்கின்றன. கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில், கீழிருந்து மேல்தளம் வரை வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி ஏற்றும் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்துக்குள் நடப்பது ஏறத்தாழ அதுதான். வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர். இதை அளக்க மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். மூக்கின் முன்பகுதியில் சிறு துணுக்குச் சாக்கரினை வைத்துவிட்டுக் காத்திருந்தால், இழைகள் அதைத் தொண்டைக்குக் கொண்டுசேர்த்ததும் இனிப்புத் தெரியும். வழக்கமாக 20 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய வால்டர் மெசர்கிளிங்கர் என்னும் மருத்துவர், உயிர் பிரிந்த பின்னும் பல மணி நேரம் குறு இழைகள் துடித்துக்கொண்டிருப்பதைப் பயன்படுத்தி, இறந்தோரின் காற்றறைகளில் சளி செல்லும் பாதையைப் பொறுமையாக ஆராய்ந்தார். அதுவரை அறுவை மருத்துவர்கள் கன்ன அறையின் அடிப்பகுதியில் புதிதாக ஒரு துளையிட்டு, இனிச் சளி தானாக வடிந்துவிடும் என்று நம்பினார்கள். ஆனால் சளியோ அந்தத் துளையின் ஓரமாகவே கடந்து, உச்சியில் இருக்கும் பழைய வாசலை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தது. இயற்கை வாசலைச் சீர்செய்யும் இன்றைய எண்டோஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை இந்தப் புரிதலிலிருந்து பிறந்து, 1980களில் உலகெங்கும் பரவியது. இறந்தவரின் மூக்குச் சளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதற்கு நிதி கேட்டால், அதனால் என்ன பயன் என்றுதான் எந்தக் குழுவும் முதலில் கேட்கும். உடனடிப் பயனை முன்கூட்டியே எழுதிக் காட்டினால்தான் பணம் என்னும் வழக்கம் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களை வறுமைப்படுத்துகிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி மகனுக்கு வருவோம். சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. அதில் பெரும்பகுதி வைரஸின் வேலை. வைரஸ் தாக்கியதும் மூக்கின் உட்சவ்வு வீங்கி வாசலை அடைக்கிறது. இழைகளைத் தாங்கிய செல்கள் பல உதிர்ந்துபோகின்றன. அடைபட்ட அறையில் ஆக்சிஜன் குறைய, எஞ்சிய இழைகளும் தளர்கின்றன. தேங்கிய சளியில், ஏற்கெனவே மூக்கில் குடியிருக்கும் நிமோகோக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகினால்தான் அது பாக்டீரியாச் சைனஸ் தொற்று ஆகிறது. பச்சை நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கிருமியை அழிக்க வரும் வெள்ளை அணுக்களில் இரும்பு கொண்ட ஒரு பச்சை நிற நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் மிகுந்தால் சளி பச்சையாகும், வைரஸ் சளியிலும் அப்படியே. ஆகவே நிறத்தை வைத்து ஆன்டிபயாடிக் கேட்பது தவறு.

கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூக்கொழுகலோ பகல்நேர இருமலோ 10 நாள்களைக் கடந்தும் குறையாமல் நீடித்தாலோ, குறைந்து தேறிவந்த குழந்தைக்கு மீண்டும் காய்ச்சலும் சளியும் கூடினாலோ, 39 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் சீழ்போன்ற சளியும் தொடர்ந்து 3 நாள்கள் இருந்தாலோ பாக்டீரியாத் தொற்று என்று கொள்ளலாம். முதல் வகையில், மருத்துவரின் கண்காணிப்பில் மேலும் 3 நாள்கள் காத்திருக்கவும் இடம் உண்டு. மருந்து தேவைப்பட்டால் முதல் தேர்வு அமாக்சிசிலின். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாதாரணச் சளியிலும் காற்றறைகள் எக்ஸ்ரேயில் மங்கலாகவே தெரியும் என்பதால், சிக்கலில்லாத குழந்தைக்கு அந்தப் படம் தேவையில்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ, கடும் தலைவலியோடு வாந்தியும் கழுத்து விறைப்பும் வந்தாலோ அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொற்று கண்குழிக்கோ மூளைக்கோ பரவியிருக்கக்கூடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், குழந்தை மணியையோ விதையையோ மூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் மதிப்பது உப்புநீர். அது சளியை இளக்கி, இழைகளின் சுமையைக் குறைக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுகளே போதும். வீட்டில் தயாரித்தால், கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்புப் போதும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். மூக்கு வழியாக மூளைக்குள் நுழையும் நேக்ளேரியா அமீபா கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. குழாய்நீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது.

தலைக்குக் குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகை ஈரத்தைப் போக்கும் என்ற நம்பிக்கையில் காட்டப்படுகிறது. புகை இழைகளின் துடிப்பைத் தளர்த்தவே செய்யும். கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிடக் கேடானது. எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் நழுவுகிறது, குறு இழைகளால் அதை எளிதில் வெளியேற்றவும் முடிவதில்லை. அதனால் ஒருவகை நிமோனியா உண்டாகிறது. அன்போடுதான் இவற்றைச் செய்கிறார்கள் என்பதை அறிவேன். இருந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும். வேது பிடிப்பதால் சற்று இதமாக இருக்கலாம். ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகிறார்கள், எனவே குழந்தைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசகியின் மகனுக்கு 12 நாள்கள் ஆகிவிட்டன. கடந்த வாரத்தைவிட இன்று ஒழுகல் குறைந்து, அவன் ஓடியாடிச் சாப்பிடுகிறான் என்றால் இழைகள் மீண்டும் முளைத்து வருகின்றன; அதற்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். சிறிதும் குறையவில்லை என்றால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நாளில் தொடங்கியது, இடையில் என்றைக்குக் குறைந்தது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தலைக்குக் குளிப்பாட்டுவதை நிறுத்த வேண்டாம்.