"சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

டிக்கெட் வெட்டிய, அதாவது வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த, நோயாளியின் கட்டிலைச் சுற்றி எப்போதும் ஓர் அவசரம் இருக்கும். தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த நோயாளி கட்டிலுக்குக் காத்திருக்கிறார், மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை நீள்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நாங்களும் முக்கியமானதையெல்லாம் சொல்லி முடிப்போம். எந்த மாத்திரை, எத்தனை வேளை, கிளினிக் எப்போது, என்ன நடந்தால் உடனே திரும்பி வரவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: "சரிங்க மிஸ்."

இலங்கை மலையகத்து அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலமாகத் தாதியாக இருப்பவள் நான். அந்தச் 'சரி'யை நான் நம்புவதில்லை. சொன்னவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. தேயிலைத் தோட்டத்துத் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் நின்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய பதில் அது. எதிர்க்கேள்வி கேட்டால் வாயாடி என்று பெயர் வரும், சில வேளை அரைப் பேரும் (அரை நாள் சம்பளம்) விழும். வாட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர் என்ன சொன்னாலும் தலை தானாக ஆடும். வீட்டுக்குப் போன பிறகுதான் கணவனும் மனைவியும் மருந்துக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சீனி குறைந்து மயங்கி விழுந்து கொஞ்ச நாள் இடைவெளியில் இரண்டு தடவை வந்தார். அவர் சாப்பிட்டது சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரை. கார்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது: காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். "மாத்திரையை ஒழுங்காகப் போடுறீங்களா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். "போடுறேங்க" என்றார். அது உண்மைதான். இரண்டாவது தடவை நான் கேள்வியை மாற்றினேன். "அக்கா, நேத்து எழும்பினதில இருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க." விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து, மாத்திரையைப் போட்டு, ஒரு சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடியிருக்கிறார். ரொட்டியும் சம்பலும் பொட்டலமாகக் கூடவே போயிருக்கின்றன. அவர் அதைப் பிரித்தது மலையில், ஒன்பதரை மணிக்கு மேல். டொக்டர் மனதில் இருந்த காலைச் சாப்பாடு வேறு, அக்காவின் காலைச் சாப்பாடு வேறு. யாருமே பிழையாக எதையும் சொல்லவில்லை, செய்யவும் இல்லை. ஆனாலும் அவர் தேயிலைச் செடிக்குள் விழுந்து கிடந்தார்.

மாத்திரை நேரத்தை டொக்டர் மாற்றிக் கொடுத்தார், அதோடு சரியாகிவிட்டது. (இதைப் படித்துவிட்டு நீங்களாக நேரத்தை மாற்றவேண்டாம். கிளினிக்கில் போய், "நான் சாப்பிடுறது இத்தனை மணிக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.) சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர் யாராக இருந்தாலும், மலையில் பனி மூடிக் குளிரும் நேரத்தில் திடீரென்று வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் பக்கத்தில் இருப்பவர் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. நினைவு இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், 1990 என்ற நம்பருக்கு போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் வந்த சேவை அது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் வண்டி ஏறாத தோட்டங்கள் நிறைய இருப்பதால், ஒருவரைக் கையில் டோர்ச்சோடு மெயின் ரோட்டுச் சந்தியில் நிற்கச் சொல்லுங்கள்.

மருந்து ரெட்டிப்பாவதும் இங்கே அதிகம். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று, டவுனில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் எழுதியது ஒன்று. பெட்டியில் இருக்கும் பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். எங்கே போனாலும் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் எங்களுக்கு எதுவும் புரியாது. மாத்திரைகளில் பாதி வெள்ளைதானே.

அடுத்தது, மொழிபெயர்க்கும் பிள்ளை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. வாட்டில் இரவு வேலையில் தமிழ் தெரிந்தவர் இருப்பாரா என்பது மட்டும் இன்றைக்கும் அதிர்ஷ்டம். டொக்டருக்குச் சிங்களம், நோயாளிக்குத் தமிழ், நடுவில் பாடசாலையில் சிங்களம் படித்த மகனோ மகளோ. அப்படி ஒரு தாயோடு பன்னிரண்டு பதின்மூன்று வயது மகன் வந்திருந்தான். மாதவிலக்கு எப்போது வந்தது, இரத்தம் எவ்வளவு போகிறது என்று டொக்டர் கேட்கிறார். பையன் தரையைப் பார்க்கிறான். பிறகு அம்மாவிடம், "வயிறு வலிக்குதான்னு கேக்குறாங்க" என்கிறான். அம்மா தலையாட்டினார். டொக்டர் வயிற்றுவலி என்றே எழுதினார். சுத்தம் செய்கிற பொகவந்தலாவை அக்கா ஒருவர் கட்டிலைத் துடைக்கும்போது துணியைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்து சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது.

அந்த இளம் டொக்டர் நல்லவர், பையனும் கெட்டிக்காரன். ஆனால் தாயின் உடம்பைப் பற்றிய பேச்சைப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது. பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட வருவது பெரியவராக, முடிந்தால் பெண்ணாக இருக்கட்டும். அப்படி யாரும் இல்லையென்றால், "தமிழ் தெரிஞ்ச மிஸ் யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். அதைக் கேட்பது யாருக்கும் தொந்தரவு கொடுப்பது ஆகாது. டொக்டர்மார் எத்தனையோ பேர் இங்கே வந்த பிறகு வேலைக்கு வேண்டிய தமிழைக் கற்றுக்கொண்டு அழகாகப் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"கண்டிக்கு மாத்திட்டாங்க" என்ற செய்தி இன்னொரு தொல்லை. குடும்பம் கடன் வாங்கி ஆட்டோ பிடித்து கண்டி டவுனுக்குப் போய் இறங்கும். நோயாளி பேராதனைப் போதனா வைத்தியசாலையில் இருப்பார். சின்னப் பிள்ளையென்றால் அதே பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையாக இருக்கும். கண்டி தேசிய வைத்தியசாலை டவுனுக்குள் தனியாக இருக்கிறது. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகிறவர்கள் பேராதனையைத் தாண்டித்தான் கண்டிக்குப் போகவேண்டும். அம்புலன்ஸ் கிளம்புமுன் வைத்தியசாலையின் பெயர், வாட்டு, வாட்டின் டெலிபோன் நம்பர் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். கூடப் போகிறவர் அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், போனின் சார்ஜர், கொஞ்சம் காசு எடுத்துக்கொள்ளட்டும்.

டிக்கெட் வெட்டும்போது நோயையும் சிகிச்சையையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டு கிடைத்ததும் பலர் செய்வது லெமினேட் பண்ணுவது. அருமையான ஆவணம், நனையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அடுத்த டொக்டர் அதில் எழுத முடியாது. ஈசிஜி காகிதத்தையும் சேர்த்து லெமினேட் பண்ணினால் சூட்டில் அது கறுத்துவிடும், பிறகு பழைய ஈசிஜியோடு ஒப்பிட வழியே இல்லை. ஒரு பொலித்தீன் உறை போதும்.

குளவிக் கொட்டுக்கு வந்தவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். நிறையக் கொட்டு வாங்கியவர் ஒரு நாள் வாட்டில் இருந்துவிட்டு வீக்கம் வற்றியதும், பேர் (நாள் சம்பளம்) போகிறது என்று தானாகவே கையெழுத்து வைத்துப் போய்விடுகிறார். விஷம் தசையையும் சிறுநீரகத்தையும் தாக்கினால் அது அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்தும் தெரியவரலாம். சிறுநீர் குறைந்தாலோ சாயத்தண்ணி நிறத்தில் போனாலோ, எவ்வளவு தூரமாக இருந்தாலும் அன்றைக்கே திரும்பி வரவேண்டும்.

"வெளியில வாங்கச் சொல்றாங்க" என்ற குறை 2022இன் நெருக்கடிக்குப் பிறகு கூடிவிட்டது. மருந்து உண்மையில் இல்லாத நாட்கள் உண்டு. மருந்து எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போகாமல், இது இன்றைக்கே வேண்டுமா, இதற்குப் பதிலாக வைத்தியசாலையில் வேறு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் வாங்கத்தான் வேண்டுமென்றால் அரச மருந்துக் கடையான ஒசுசலவில் முதலில் விசாரியுங்கள்.

டொக்டரைப் பார்க்கவே முடியவில்லை என்பார்கள். பார்வையாளர் நேரம் மதியமும் மாலையும், பெரிய டொக்டர் வாட்டைச் சுற்றுவது காலையில். இரண்டும் சந்திப்பதே இல்லை. குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசுவதற்கென்று வைத்துக்கொண்டு, வாட்டுப் பொறுப்புத் தாதியிடம் எத்தனை மணிக்கு வந்தால் டொக்டரோடு பேசலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான்கு பேர் நான்கு தடவை கேட்டால் நான்கு விதமாகத்தான் வீட்டுக்குச் செய்தி போகும்.

என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "விளங்கிச்சா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன், அதற்கும் "சரிங்க" தான் வரும். மாத்திரைகளை மேசையில் பரப்பி, "இன்னைக்கு ராத்திரி இதில எதைப் போடுவீங்க?" என்று கேட்டு எடுத்துக் காட்டச் சொல்கிறேன். இரண்டு நிமிஷம்தான் ஆகும். தவறான மாத்திரையில் கை போகிறதென்றால், சொல்லிக் கொடுத்தது போதவில்லை என்று அர்த்தம். திரும்பச் சொல்லவேண்டியதுதான்.

நடந்தது உண்மையிலேயே அநியாயம் என்று பட்டால், வாசலில் நின்று கத்துவதைவிடக் கடிதத்துக்குப் பலன் அதிகம். முதலில் வாட்டுப் பொறுப்புத் தாதி, பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகர். தமிழிலேயே எழுதலாம். திகதி, நேரம், வாட்டு நம்பர், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பது மட்டும் போதும், திட்ட வேண்டியதில்லை. ஒரு பிரதியை எடுத்து, வாங்கியவரிடம் அதில் கையெழுத்தும் திகதியும் போடச் சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.