மணல் வடிகட்டியை அடைக்கும் வழுவழுப்பு

மழைக்குப் பிறகு களனி கங்கை செம்மண் நிறத்தில் ஓடுவதைப் பார்த்தால், குடிநீர் வடிகட்டும் மணல் அடைபடுவதற்கு மண்தான் காரணம் என்று தோன்றும். அதுவும் உண்டுதான். ஆனால் நன்றாகத் தெளிந்த ஆற்று நீரை விட்டாலும் மணல் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். காரணம், அங்கே பக்டீரியா குடியேறிவிடும்.

ஒரு பக்டீரியாவின் அளவு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, மணலுக்கு நடுவே உள்ள இடைவெளியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. பிறகு எப்படி அடைக்கிறது? பெரும்பாலும் அது சுரக்கும் பசையால். மணலில் ஒட்டிக்கொள்ளச் சுரக்கும் அந்தப் பசை, வெண்டிக்காய் வெட்டும்போது கையில் ஒட்டுமே அந்த மாதிரி. பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும். ஒரு மெல்லிய குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் தண்ணீர் 16இல் ஒரு பங்காகிவிடும். மணல் இடைவெளி நேரான குழாய் இல்லை, ஆனாலும் கொஞ்சப் பசை இவ்வளவு தொல்லை தருவது இதனால்தான். உணவும் ஒட்சிசனும் முதலில் மேல் மணலுக்குக் கிடைப்பதால், அடைப்பும் அங்கேதான் கூடுதல். வெயில் பட்டால் பாசியும் சேர்ந்துகொள்ளும்.

சரி, இது முழுக்கக் கெடுதலா? மணிக்கு 10 முதல் 20 சென்ரிமீற்றர் வேகத்தில் தண்ணீர் இறங்கும் மெதுவான மணல் வடிகட்டியில், கிருமிகளைப் பிடித்துத் தின்று தீர்ப்பதே பக்டீரியாவும் பசையும் சேர்ந்து மேல் மணலில் உண்டாகும் அந்தப் படலம்தான். 1892இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் கொலரா வந்து எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்து அல்டோனா அதே எல்ப ஆற்றில், அதுவும் ஹம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே தண்ணீர் எடுத்தும், மணலில் வடிகட்டியதால் பெரும்பாலும் தப்பியது. நல்ல படலம் உருவாக நாட்கள், சிலவேளை வாரங்கள் பிடிக்கும். ஓட்டம் மிகவும் குறைந்ததும் மேலே ஒன்றிரண்டு சென்ரிமீற்றரை மட்டும் சுரண்டுவார்கள்.

கொழும்புக்குத் தண்ணீர் தரும் அம்பத்தலே போன்ற பெரிய நிலையங்களுக்கு அந்த வேகம் கட்டாது. அங்கே படிகாரம் போட்டு, கலங்கலைப் படியவிட்டு, அப்புறம் மெதுவான வடிகட்டியைப் போலப் பல பத்து மடங்கு வேகத்தில் மணலுக்குள் விடும் முறைதான். இதில் பசை வெறும் இடைஞ்சல். கீழிருந்து தண்ணீரையும் காற்றையும் தள்ளி மணலைக் கழுவுவார்கள். கழுவல் போதாவிட்டால் பசையும் மண்ணும் மணலும் திரண்டு உருண்டையாகி, அந்த இடத்தில் தண்ணீரே இறங்காது. வடிகட்டிக்கு முன்னாலேயே குளோரின் போட்டால் பக்டீரியா அடங்கும், ஆனால் தண்ணீரில் இலைதழைக் கரைசல் அதிகமிருந்தால் குளோரின் அதனுடன் சேர்ந்து வேண்டாத பொருட்களை உண்டாக்கும். அதனால் கண்டபடி போட முடியாது. நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் பக்டீரியாவுக்கு ஓய்வும் இல்லை.

கிணற்றுத் தண்ணீருக்குப் பெரலில் மெதுவான மணல் வடிகட்டி செய்து வைத்திருப்பவர்கள், ஓட்டம் குறைந்ததும் எல்லா மணலையும் கொட்டிக் கழுவாதீர்கள். மேல்படையை மட்டும் மெல்லச் சுரண்டுங்கள், மணலைக் காயவிடாதீர்கள், குளோரின் போடுவதென்றால் வடிகட்டிய பிறகு போடுங்கள். சுரண்டிய கையோடு வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், படலம் திரும்ப வளரும்வரை கிருமி தாண்டி வர வாய்ப்பு அதிகம், கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.