மோதிவிட்டு வந்துவிட்டவர் சரணடைய வேண்டுமா?

இரவு பத்தரை மணிக்கு என் வக்கீல் அலுவலகக் கதவைத் தட்டியவர் சரக்கு வேன் ஓட்டுபவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ் தாள்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். மாலையில் புறவழிச்சாலையில் சைக்கிளில் போனவர்மேல் மோதிவிட்டார். ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடிபட்டவர் இறந்துவிட்ட செய்தி அதற்குள் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. "ஸ்டேஷனுக்குப் போனா அடிச்சே கொன்னுடுவாங்க சார்" என்றார்.

இந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025-இல் திருப்புவனத்தில் ஒரு கோயில் காவலாளியும் காவலில் இறந்ததை எந்த வக்கீலும் மறக்க முடியாது. நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். இதெல்லாம் தெரிந்துதான் அவரைச் சரணடையச் சொன்னேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். தப்பி ஓடினால் 10 ஆண்டு என்று சொல்லும் 106(2), 2024 ஜூலை 1-இல் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டம் அடித்துவிடும் என்ற பயத்தையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், அந்த பிளாஸ்டிக் கவர். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு அரசுத் திட்டத்தில் கிடைப்பது 2 லட்சம் ரூபாய் மட்டுமே. வண்டி எண்ணும் இன்சூரன்ஸும் தெரிந்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று கணக்குப் பார்த்து மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீட்டை நிர்ணயிக்கும். மடித்து மடித்து அவர் கசக்கிக்கொண்டிருந்த தாளில்தான் ஒரு வீட்டின் சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் இருந்தன. இதை விளக்கியபோதுதான் உட்கார்ந்தார்.

சரி, எப்படிப் போவது? தனியாக, நள்ளிரவில் போகாதீர்கள். வக்கீலுடனும் வீட்டார் ஒருவருடனும் பகலில் போங்கள், ஆனால் 24 மணி நேரக் கெடு தாண்டக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். யாராவது கை வைத்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லாவிட்டால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற விஷயம் இருந்தால் இதைவிடக் கடுமையான பிரிவு பாயலாம். அப்போது முதலில் வக்கீலிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்: 'டிரைவர் இவர்தான்' என்று காசு கொடுத்து வேறொருவரை அனுப்புவது. வண்டி முதலாளிகள் சிலர் இதைச் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். இவருடைய முதலாளியும் போனில் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடவே போனேன். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள், தகாத வார்த்தைகள் பேசினார்கள், அடிக்கவில்லை. இரண்டு பேர் ஜாமீன் நிற்க, அவர் வெளியே வந்தார். கிரிமினல் கேஸ் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். இறந்தவரின் மனைவி போட்ட இழப்பீட்டு வழக்கும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது. போன மாதம் அந்த அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "போய் ஒரு வார்த்தை பேசட்டுமா சார்?" என்று கேட்டார். சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும், கேஸ் முடியட்டும் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.