மீற்றரில் 31 காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று யார் சொன்னது?

கடந்த ஐப்பசி மழைக்குப் பின்னர், தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பிரிவிலிருந்து ஒரே வாரத்தில் பதினொரு பிள்ளைகள் வாந்தியோடும் வயிற்றோட்டத்தோடும் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நீர் மாதிரி எடுப்பதற்காக நான் அங்குள்ள தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனபோது, பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு தாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "தண்ணியில கோளாறு இல்ல மிஸ். எங்ககிட்ட மெசின் இருக்கு. முப்பத்தொன்னுதான் காட்டுது" என்றார். காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "முன்ன காய்ச்சினோம் மிஸ். காய்ச்சின தண்ணிக்கு முப்பத்திமூணு காட்டுச்சு. காய்ச்சினா கூடுதுன்னு விட்டுட்டோம்."

அந்த மெசின் பேனா அளவிலான ஒரு டி.டி.எஸ். (மொத்தக் கரைந்த திண்மங்கள்) மீற்றர். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய, தண்ணீர்க் குழுவின் பொருளாளரான ஓர் இளைஞர் நல்ல எண்ணத்தோடு வாங்கி வந்தது. மறுநாள் எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த ஊற்றுநீரை வடித்த வெள்ளை வட்டத்தாளைத் திறந்து பார்த்தபோது, எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு மஞ்சள் புள்ளிகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் மலத்திலிருந்து வந்த ஒரு பற்றீரியாவின் குடும்பம். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, நூறு மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலை என்னும் அந்த மலப் பற்றீரியா ஒன்றுகூட இருக்கலாகாது என்கிறது.

இது இந்த ஆண்டில் நான் கண்ட முதலாவது சம்பவமாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஹட்டன், மஸ்கெலியா, வெலிமடை என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து அந்த மீற்றரை எடுத்துக் காட்டுகிறார். ஆகவே, அது எதை அளக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

டி.டி.எஸ். மீற்றர் நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அயன்கள் (மின்னேற்றமுள்ள துகள்கள்) மின்னைக் கடத்துகின்றன. அந்தக் கடத்துதிறனை ஒரு காரணியால் பெருக்கி, ஒரு லீற்றரில் இத்தனை மில்லிகிராம் உப்பு இருக்கலாம் என்று மீற்றர் ஊகித்துச் சொல்கிறது. அந்தக் காரணி சில மீற்றர்களில் 0.5, சிலவற்றில் 0.7. ஆகவே 62 மைக்ரோசீமன்ஸ் கடத்துதிறன் உள்ள ஒரே ஊற்றுநீருக்கு ஒரு மீற்றர் 31 என்றும் இன்னொன்று 43 என்றும் காட்டும். இரண்டும் பழுதில்லை. இதை அறியாமல் இரண்டு லயங்கள் தங்கள் தங்கள் மீற்றரை வைத்துக்கொண்டு எந்த ஊற்று நல்லது என்று சண்டையிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கிருமிகளுக்கு வருவோம். ஒரு பற்றீரியாவின் எடை ஏறத்தாழ ஒரு பிக்கோகிராம். ஒரு லீற்றர் தண்ணீரில் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருந்தாலும் அவற்றின் மொத்த எடை ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் கையிலுள்ள மீற்றரின் ஆகச் சிறிய படியே ஒரு மில்லிகிராம்தான். எடையைக் கொண்டு பார்த்தாலும், நூறு கோடி கிருமிகள் சேர்ந்தால்தான் அந்த எண் ஒன்று கூட வேண்டும். அப்போதும் கூடாது, ஏனெனில் கிருமி என்பது கரைந்த உப்பன்று, மீற்றருக்கு அது தெரியவே தெரியாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் வைரசு இதைவிடவும் நுண்ணியது. 2007 ஆம் ஆண்டு கம்பளையில் மஞ்சள் காமாலை பரவியதை இப்பகுதியில் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். நெருப்புக்காய்ச்சலும் இதே வழியாகத்தான் வருகிறது. இவற்றில் எதையும் எந்த டி.டி.எஸ். மீற்றராலும் காட்ட முடியாது.

நம்ப முடியாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் அரைக் கிராம் கறியுப்பைக் கரையுங்கள், எண் ஐந்நூறைத் தாண்டிப் போகும், ஆனால் அந்தத் தண்ணீர் யாரையும் நோயாளியாக்காது. இன்னொரு கோப்பையில் ஒரு மேசைக்கரண்டி சீனியைப் போட்டுக் கரையுங்கள், சீனி மின்னைக் கடத்தாது என்பதால் எண் ஏறாது. அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கு வைத்தியசாலையில் கொடுத்த, உப்பும் சீனியும் கலந்த ஜீவனிக் கரைசலில் இந்த மீற்றரை இட்டிருந்தால் ஆயிரக்கணக்கில் காட்டியிருக்கும். அவர்களை நோயில் தள்ளிய தண்ணீருக்கு 31, அவர்களைத் தேற்றிய தண்ணீருக்கு ஆயிரக்கணக்கு. இதற்கு மேல் நான் எப்படி விளக்குவது?

காய்ச்சிய தண்ணீரில் எண் ஏன் கூடியது என்பதற்கும் பதில் எளிது. காய்ச்சும்போது நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. உப்பு அப்படியே இருக்க, நீர் சற்றுக் குறைகிறது, எண் இரண்டு கூடுகிறது. கிருமிகளோ செத்துப்போயிருக்கும். அந்தத் தாய் விறகு பொறுக்கி, காலையில் கொழுந்துக்குப் போகுமுன் தண்ணீர் காய்ச்சி வைத்த நல்ல பழக்கத்தை அந்த இரண்டு கூடிய எண் நிறுத்திவிட்டது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறதே, அது போதுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். போதும். தளதளவென்று கொதித்த பின் மூன்று நிமிடம் அடுப்பில் விட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள்.

குறைந்த எண் நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். உலர் வலயத்தில் கிணற்றுநீர் உவர்ப்பும் வன்மையும் மிக்கது, பல இடங்களில் புளோரைட்டும் உண்டு. அங்கே வடிகட்டி நிலையத்துத் தண்ணீரை வாங்கிக் குடிப்போர் அந்த இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு டி.டி.எஸ். மீற்றர் உதவும். மலையகத்தின் கதை வேறு. கடினமான பாறையும் நிறைந்த மழையும் உள்ள இங்கே ஊற்றுநீரில் உப்பு இயல்பாகவே குறைவு. எஸ்.எல்.எஸ். தரத்தில் இந்த எண்ணின் எல்லை 500, நம்முடைய ஊற்றுகள் பெரும்பாலும் அதற்கு மிகக் கீழேயே நிற்கின்றன. நம்மைத் தாக்குவது ஊற்றுக்கு மேலே இருக்கும் மாட்டுத் தொழுவமும் மலசலகூடக் குழியும் உடைந்த மூடியும்தான். வடிகட்டி விற்க லயங்களுக்கு வருவோர் இரண்டு கோப்பைகளில் கம்பிகளை இட்டு மின்சாரம் பாய்ச்சி, ஒரு கோப்பைத் தண்ணீர் பழுப்பாகிப் பொங்குவதைக் காட்டுவார்களே, அந்தப் பழுப்பு கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வருவது. அதைப் பார்த்துப் பயந்து தவணைக் கடனில் யாரும் எதையும் வாங்க வேண்டாம்.

அப்படியானால் இந்தக் கருவிகளை வீசிவிடுவதா? வேண்டாம். ஒழுங்காகப் பேணினால் அவை பயன்படும். பேணாவிட்டால் இல்லாததைவிடக் கேடு.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மீற்றரின் நிலைமை இன்னும் மோசம். அதில் ஏழு என்றால் நடுநிலை, அமிலம் கூடக் கூட எண் இறங்கும். ஒரு பாடசாலையில் தண்ணீர்த் தாங்கியை நாள்தோறும் அளந்து அழகான கையெழுத்தில் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். நான்கு மாதம், எல்லா நாளும் 7.0. பொறுப்பாசிரியர் பெருமையோடு காட்டினார். நான் ஒரு தேசிக்காயை வெட்டி, அரைக் கோப்பைத் தண்ணீரில் பிழிந்து, அவருடைய மீற்றரை அதில் வைத்தேன். அப்போதும் 7.0. நல்ல மீற்றர் அதில் மூன்றுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தது. வெடித்த குமிழில் மின்னழுத்தம் உருவாகாது, மின்னழுத்தம் இல்லையென்றால் மீற்றர் ஏழு என்றுதான் காட்டும். எண் மாறாமல் நின்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அந்தக் குமிழ் உயிருள்ள பொருளைப் போன்றது, காயவிடக் கூடாது. மூடிக்குள் பொற்றாசியம் குளோரைட்டுச் சேமிப்புக் கரைசல் சில துளிகள் எப்போதும் இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது சுத்தம் என்று நினைத்துப் பலர் அதையே செய்கிறார்கள், அது குமிழைத் தாங்கும் மின்வாயின் உள்ளேயுள்ள உப்பை உறிஞ்சி எடுத்துக் கெடுத்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். சேமிப்புக் கரைசல் கிடைக்காத நாளில் பி.எச். 4 இலேயே மாறாமல் நிற்கும் தாங்கற் கரைசலில் சில துளி விடலாம். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது உப்புதான், கழுவினால் போய்விடும். காய்ந்துபோன குமிழைச் சேமிப்புக் கரைசலில் ஓர் இரவு முழுதும் ஊறவைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மின்வாயை மாற்ற வேண்டும். நன்றாகப் பேணினாலும் ஒரு மின்வாய் ஓரிரு ஆண்டுகள்தான் உழைக்கும், வாங்கும்போதே அதற்கும் பணம் ஒதுக்குங்கள். குமிழைத் துணியால் தேய்க்காதீர்கள், மெல்லிய கடதாசியால் ஒற்றியெடுங்கள்.

தாங்கற் கரைசலில் வைத்து மீற்றரை அளவுதிருத்தம் செய்யும்போது முதலில் 7, பிறகு 4. நம்முடைய ஊற்றுநீருக்கு இவ்விரண்டும் போதும். 10 ஆம் எண் கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து விரைவில் கெட்டுவிடும். பயன்படுத்திய கரைசலை மீண்டும் போத்தலுக்குள் ஊற்றாதீர்கள். தாங்கற் கரைசலுக்கான தூள் பக்கற்றை ஊற்றுநீரில் கரைக்காதீர்கள். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் அயனகற்றிய நீர் அதற்குப் போதும், ஆனால் அதே கடையில் அமிலப் போத்தலும் இருக்கும், முகப்புச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய நீரை டி.டி.எஸ். மீற்றரால் பார்த்தால் 0 அல்லது 1 காட்ட வேண்டும், அந்த மீற்றர் மெய்யாகவே பதில் சொல்லக்கூடிய கேள்வி இது.

இன்னொன்று, இதை எந்தக் கையேட்டிலும் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. உப்புக் குறைந்த தண்ணீரில் பி.எச். மீற்றர் மிக மெதுவாகவே நிலைக்கு வரும். தாங்கற் கரைசலில் அரை நிமிடத்தில் நிற்கும் எண், நம்முடைய ஊற்றுநீரில் நான்கைந்து நிமிடம் அலைந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து முதலில் தெரிந்த எண்ணை எழுதிவிட்டுப் போவதால்தான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வருகிறது. ஊற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த நீரில் காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் பி.எச். 6.5 இற்குக் கீழே காட்டுவதும் உண்டு. அதனால் யாருக்கும் வயிற்றோட்டம் வராது, ஆனால் இரும்புக் குழாயை அரிக்கும், பீலியின் கீழே துருக்கறை படியும். அதைக் கவனிக்க வேண்டியவர் குழாய் போடுபவர்.

டி.டி.எஸ்., கடத்துதிறன் மீற்றர்களை அளவுதிருத்தக் கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல். கடத்துதிறன் அறுபதில் நிற்கும் நம் நீருக்கு 84 மைக்ரோசீமன்ஸ் கரைசலைக் கேட்டு வாங்குங்கள். வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறையும். விடியற்காலையில் 16 பாகையில் இருக்கும் ஊற்றுநீருக்கு, 25 பாகைக்கு ஈடுசெய்யாத மலிவான மீற்றர் 31 இற்குப் பதிலாக 25 அல்லது 26 காட்டும். ஈடுசெய்யும் மீற்றரும் உங்கள் சட்டைப்பையின் சூட்டிலிருந்து நீரின் குளிருக்கு வர ஓரிரு நிமிடம் எடுக்கும், காத்திருங்கள். தாங்கியிலோ குடிநீர்க் குடத்திலோ நேரே இடாமல் ஒரு கோப்பையில் எடுத்து அளந்து, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். கோட்டுக்கு மேலே அமிழ்த்தாதீர்கள். முனைகளை விரலால் தொடாதீர்கள். நம் பனியில் பற்றரி முனைகள் பச்சை பூத்துவிடும், மாதக்கணக்கில் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

கிருமி இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் ஆய்வுகூடம்தான் வழி. உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கிருமி நீக்கிய போத்தலைக் கேளுங்கள். சோடாப் போத்தலில் கொண்டுவந்தால் அந்தப் போத்தலில் இருந்த கிருமியைத்தான் நாங்கள் எண்ணுவோம். போத்தலை ஊற்றுநீரால் அலசாதீர்கள், வாய்ப்புறத்தைத் தொடாதீர்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள்.

அந்தப் பொருளாளர் தம்பி இரண்டு நாட்கள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மூன்றாம் நாள் அவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, "தம்பி, மீற்றரை வீசிடாதீங்க. தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல அளந்து எழுதுங்க. மழை பெஞ்சா அதையும் எழுதுங்க" என்றேன். நிலத்தடியில் மெல்ல ஊறிவரும் நீரின் எண் ஒரு மழைக்கெல்லாம் மாறாது. சில மணி நேரத்துக்குள் மாறினால் மேலிருந்து ஓடிவரும் நீர் எங்கோ உள்ளே புகுகிறது என்று பொருள். அவர் எழுதினார்: 31, 31, 32, 31, பெருமழை பெய்த மறுநாள் 22. அன்றே குழுவினர் மண்வெட்டியோடு மேலே ஏறி, ஊற்றுத் தொட்டியின் பின்சுவரில் வேர் பிளந்த ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார்கள். கையை உள்ளே விடும் அளவுக்கு அகலம், தொழுவத்துக் கழிவுநீர்க் கான் அதற்கு நேர் மேலே. சுவரைப் பூசி, கானைத் திசைதிருப்பி, தொட்டிக்குக் குளோரின் இட்டு, மீண்டும் மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை எல்லா வீடுகளிலும் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.